பாதிரிக்குடியார் காவல்: அரிட்டாபட்டியில் நான்கு நாள்கள்

முதல் நாள்: 6 மார்ச் 2025, வியாழன்

மதுரை மாட்டுத்தாவணியில் ஏறிய மேலூர்ப் பேருந்து ஒத்தக்கடையைக் கடக்கும்போது இடப்புறச் சன்னல் முழுவதையும் யானைமலை அடைத்துக்கொண்டது. அதற்கு அப்பால் நான்குவழிச் சாலையின் இருபுறமும் அறுவடை முடிந்த தாள்கட்டை வயல்களும் வைக்கோல் படப்புகளும், அவற்றுக்குப் பின்னால் தனித்தனியே எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளும் தொடர்ந்து வந்தன. நரசிங்கம்பட்டியைத் தாண்டித் தெற்குத்தெருவில் இறங்கினேன். நண்பனின் தாய்மாமன் தம் இருசக்கர வண்டியுடன் காத்திருந்தார். அவரை மாமா என்றே நானும் அழைத்தேன். அ.வல்லாளப்பட்டியில் அவர் வீட்டில்தான் இந்த நான்கு நாளும் தங்கல்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு நான் செய்தித்தாளில் மட்டுமே படித்த ஊர்கள் இவை. 2024 நவம்பர் 7 அன்று ஒன்றிய அரசின் சுரங்க அமைச்சகம், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஏலத்தில் கிடைத்திருப்பதாக அறிவித்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 எக்டேர், அதாவது ஏறத்தாழ 4,980 ஏக்கர். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, அ.வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம் என மேலூர் வட்டத்து ஊர்ப் பெயர்கள் அடுத்தடுத்த நாள்களில் நாடெங்கும் தெரிந்த பெயர்களாயின. 2023-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், இன்றியமையாத கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்திருந்தது. டங்ஸ்டன் அவற்றில் ஒன்று. எந்த அரசு எப்போது எந்தக் கடிதத்தை எழுதியது என்று பிறகு பெரிய வாதம் நடந்தது. அந்த வாதத்தில் எனக்கு உறைத்தது வேறொன்று. தங்கள் வீடும் வயலும் கோயிலும் அடங்கிய நிலம் ஏலம் போனதை அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இரவு உணவுக்குப் பின் மாமா ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்தார். அதற்குள் கிராமசபைத் தீர்மானங்களின் நகல்கள், துண்டறிக்கைகள், நான்காக மடித்த ஒரு வரைபடம் ஆகியவை இருந்தன. 2024 நவம்பர் 23 அன்று கூடிய கிராமசபைகளில், தங்கள் ஊரில் சுரங்கம் வேண்டாம் என்று ஊராட்சிகள் வரிசையாகத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றமும் ஏலத்தை இரத்துச் செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. வரைபடத்தை விரித்த மாமா, தொகுதியின் எல்லைக்கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தா இருக்கு பாரு தம்பி, இதுதான் நாம இப்ப உக்காந்திருக்கிற வீடு" என்றார்.

கோட்டின் எந்தப் பக்கத்தில் வீடு இருந்தது என்று நான் கேட்கவில்லை. காகிதத்தில் விரலகல வேறுபாடுதான். அந்த விரலகலத்தை நினைத்துக்கொண்டே படுத்தேன்.

இரண்டாம் நாள்: 7 மார்ச் 2025, வெள்ளி

வெயில் ஏறுவதற்கு முன் கழிஞ்சமலைக்குப் போய்விட வேண்டும் என்று மாமா ஐந்தரைக்கே எழுப்பிவிட்டார். துணைக்கு அரிட்டாபட்டியைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்தார். கல்லூரியில் வரலாறு படித்தவர். வார இறுதியில் வருகிற மாணவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டுகிறவர்.

அரிட்டாபட்டியை ஏழு குன்றுகள் சூழ்ந்திருக்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களிலும் அடங்கிய ஏறத்தாழ 193 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. உயிரியல் பன்மைச் சட்டம், 2002-இன் 37-ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட முதல் தலம் இதுவே. ஏறத்தாழ 250 பறவை இனங்கள், அவற்றுள் லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு என்று நீள்கிறது அந்த அறிவிப்பு. இவற்றோடு 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் ஆகியவையும் அதில் இடம்பெற்றுள்ளன. ஒரு பல்லுயிர்த் தலத்தின் அறிவிப்பில் உயிரினங்களுக்கு நிகராக நீர்நிலைகளும் எண்ணிச் சொல்லப்பட்டிருப்பதைப் படித்தபோது இயல்பானதாகவே தோன்றியது. அதன் முழுப் பொருளும் மாலையில்தான் விளங்கியது.

பாறைச்சரிவில் ஏறி முதலில் குகைத்தளத்தை அடைந்தோம். குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதிருக்க வெட்டப்பட்ட காடி நீளமாக ஓடுகிறது. அதனை ஒட்டியே தமிழ்ப் பிராமி எழுத்துகள். கிறித்துவுக்கு முற்பட்ட இரு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கல்வெட்டியலாளர் கணிக்கும் இந்த எழுத்துகள், சமண முனிவர் தங்குவதற்கு இந்த முழையைக் கொடுப்பித்தவர் இன்னார் என்ற செய்தியைச் சொல்கின்றன. கொடுத்தவரை அடையாளம் காட்டும் சொற்கள் மட்டுமே உள்ளன. பெருமை பேசும் சொல் எதுவும் இல்லை. மலை அன்றே ஒரு கொடைப்பொருளாக இருந்திருக்கிறது, அதுவும் உடைக்காமல் கொடுக்கப்பட்ட கொடையாக.

சிறிது தொலைவில், பாறைமுகத்தில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனி. முக்குடையின் கீழ், கண்களைத் தாழ்த்தி அமர்ந்திருக்கிறார். அதன் கீழே வட்டெழுத்தில் உள்ள கல்வெட்டு, முன்னதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது; கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளுக்கு உரியது. பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி முனிவரே இதனையும் செய்வித்தார் என்கிறது. இந்த மலை அதில் திருப்பிணையன் மலை என்றும், ஊர் பாதிரிக்குடி என்றும் குறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டின் இறுதிச் சொற்களை அந்த இளைஞர் விரலால் தொடாமல், காற்றிலேயே வருடிக்கொண்டு படித்துக் காட்டினார்: பாதிரிக்குடியார் ரட்சை.

இந்தத் திருமேனி பாதிரிக்குடி மக்களின் காவலில் உள்ளது என்பது பொருள். கோயிலுக்கோ சமணத் துறவியர் தங்கும் பள்ளிக்கோ ஒன்றைச் செய்து வைப்பவர்கள், அதனை இன்னார் காக்க வேண்டும் என்று எழுதி வைப்பது அக்கால வழக்கம். மன்னனின் காவலிலோ வணிகக் குழுவின் காவலிலோ விடப்பட்டவை உண்டு. இங்கே அந்தப் பொறுப்பு ஊராரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சமணம் இந்த ஊரைவிட்டு மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஊரின் பெயரும் மாறிவிட்டது. பாறையை உடைத்து விற்பது மேலூர் வட்டாரத்தில் பெருந்தொழிலாக வளர்ந்த காலமும் வந்து போயிற்று. ஆனாலும் திருமேனி மூக்குக்கூட உடையாமல் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்திருக்கும் ஒரு காவல் பொறுப்பின் முன் நிற்கிறோம் என்ற எண்ணத்தில் நெடுநேரம் அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

"டங்ஸ்டன் போராட்டத்தப்ப இந்த வரியத்தான்ணே நாங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனோம்" என்றார் இளைஞர். "எங்க பேரு அதுல இருக்குல்ல."

இறங்கி வந்து, முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் கோயிலைப் பார்த்தோம். பாறையைக் குடைந்து உருவாக்கிய சிறிய கருவறை. முகப்பின் ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் கையில் தடி ஏந்திய இலகுலீசர். சைவப் பிரிவுகளுள் ஒன்றான பாசுபத நெறியின் முதல்வராகிய இலகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் மிகச் சில இடங்களிலேயே உள்ளது. சமண முழை, சைவக் குடைவரை, ஊர் மக்களின் அம்மன் கோயில் எல்லாம் ஒன்றையொன்று அழிக்காமல் இந்தச் சிறு பரப்புக்குள் சேர்ந்திருக்கின்றன.

மாலையில் ஆனைக்கொண்டான் கண்மாய்க்கரை. பாண்டியர் ஆட்சியில் அமைக்கப்பட்டது இது என்பர். கரையின் மேல் இரண்டு ஆலமரங்களுக்கு இடையே ஆடுகளை ஓட்டி வந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். மடை திறப்பதும் அடைப்பதுமாக நாற்பது ஆண்டுகள் நீர்பாய்ச்சியாக இருந்தவர். மாமா என்னை அறிமுகப்படுத்தியதும், நான் கேட்காமலேயே அவர் தம் தடியால் மண்ணில் கோடு இழுத்து விளக்கத் தொடங்கினார். குன்றின் மேலே பாறைக்குழிகளில் தேங்கும் சுனைநீர், அது நிரம்பினால் சரிவில் இறங்கும் ஓடை, ஓடை வந்து சேரும் முதல் கண்மாய், அது பெருகிக் கலுங்கு வழியே மறுகால் போனால் அடுத்த கண்மாய், அங்கிருந்து அதற்கடுத்தது. மலைநீர் தவிர, வைகை அணையிலிருந்து வரும் பெரியாற்றுப் பாசனக் கால்வாயும் மேலூர்ப் பகுதிக்கு உண்டு. அந்தக் கால்வாயில் நீர் திறக்கும் ஆண்டில் கண்மாய்களுக்கு இருபுறத்து வரத்தும் உண்டு. திறக்காத ஆண்டில் மலைநீர் ஒன்றுதான் கதி.

அப்போதுதான் நான் 2024 டிசம்பர் 24-ஆம் நாளைய அறிவிப்பைப் பற்றிக் கேட்டேன். தொகுதியில் பல்லுயிர்த் தலம் அடங்கியிருப்பதால் அதன் எல்லையை மறுஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை அன்று ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டது. 2,015 எக்டேரில் 193 எக்டேர்தானே பாதுகாக்கப்பட்டது, அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதை விலக்கிவிட்டால் எஞ்சியதில் சுரங்கம் நடக்கலாம் என்பதே அதன் உட்பொருள். தொலைவில் இருந்து பார்த்த என்னைப் போன்றோர் சிலருக்கு அது நியாயமான இடைவழியாகக்கூடத் தோன்றியிருக்கும். ஊர்கள் அதனை ஒரே குரலில் மறுத்தன.

முதியவர் மண்ணில் இழுத்த மலைக்கும் முதல் கண்மாய்க்கும் நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"இங்கிட்டு விட்டுருறேன், அங்கிட்டுத் தோண்டிக்கிறேன்னான். மலையில பெய்யிற தண்ணி அங்கிட்டு இங்கிட்டுன்னு பாத்தா தம்பி வருது? மலைய எனக்குக் குடுத்துட்டு, மலை பெத்த பிள்ளைகளை எல்லாம் அவன் எடுத்துக்கிறதா?"

இந்த வாதத்துக்கு மறுமொழி சொல்லும் புவியியல் அறிக்கை எதையும் நான் படித்ததில்லை. டங்ஸ்டன் 3,422 பாகை செல்சியசில்தான் உருகும் உலோகம். துளையிடும் கருவிகளுக்கும் படைக்கலங்களுக்கும் தேவைப்படுவது. அதன் தாதுப் பாறையில் உலோகம் நூற்றில் ஒரு பங்கு இருப்பதே அரிது. எஞ்சிய பாறை முழுவதும் உடைத்து, அரைத்து, நீரில் அலசிக் கழிவாகக் குவிக்கப்பட வேண்டும். அந்தக் குவியலும் அந்த நீரும் எல்லைக்கோட்டுக்கு வெளியே, கண்மாய்களின் வரத்துக் கால்வாய்கள் ஓடும் அதே நிலத்தில்தான் நின்றிருக்கும். கோட்டை எந்த இடத்தில் இழுத்தாலும் அது ஏதோ ஒரு கண்மாயின் வரத்தை வெட்டிவிடும் என்பதை அந்த முதியவர் ஒரு தடியையும் கைப்பிடி மண்ணையும் கொண்டு எனக்கு மெய்ப்பித்துவிட்டார்.

மூன்றாம் நாள்: 8 மார்ச் 2025, சனி

காலையில் மேலூருக்குக் கிழக்கே கீழவளவு. இங்கே வராமல் போனால் அரிட்டாபட்டிக்காரர்களின் அச்சத்தைப் பாதிதான் அறிந்தவனாவாய் என்று மாமா கூறியிருந்தார்.

பஞ்சபாண்டவர் மலையின் பாறைத் தளத்தில் கற்படுக்கைகள் உள்ளன. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உள்ளது. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்று சொல்லும் அந்தக் கல்வெட்டின் எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருப்பது ஒரு விந்தை. படுத்துக்கொண்டு மேல்நோக்கி வெட்டினானா, வெட்டியவனுக்கு எழுத்து தெரியாதா என்று அறிஞர்கள் பலவாறு கூறுவர். அந்தப் பாறையின் உச்சியில் நின்று சுற்றிலும் பார்த்தால் கல்வெட்டை மறந்துபோகிறோம். குன்றுகள் இருந்த இடங்களில், கத்தியால் வெட்டிய கேழ்வரகுக் களிபோலச் செங்குத்தாக இறங்கும் சுவர்களும், அவற்றின் அடியில் அசையாத பச்சை நீரும் கிடக்கின்றன. விற்பனைக்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கிய கருங்கல் பாளங்கள் வீட்டளவு உயரத்துக்கு அடுக்கியபடி அப்படியே நிற்கின்றன.

2012 மே மாதம் அப்போதைய மதுரை மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டு அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக அமர்த்தியது. அவர் விரிவான அறிக்கையை 2015 நவம்பரில் அளித்தார். அந்தத் தொகைக்குள் அடங்காத இழப்புகள் இங்கே கண்முன் இருக்கின்றன. குழிக்கு அருகில் பருத்திமார் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன்.

"கம்மாய்க்கு வார ஓடை இருந்துச்சு. அந்தா அந்தக் கல்லுக் குமிச்சிருக்காகள்ல, அதுக்கு அடியில" என்றார். அவ்வளவுதான். பிறகு குனிந்து கட்டத் தொடங்கிவிட்டார்.

அரிட்டாபட்டியினர் டங்ஸ்டனுக்கு முன்பே தம் குன்றுகளில் கிரானைட் வெட்டும் முயற்சியை எதிர்த்து நின்றவர்கள். அண்டை ஊரில் ஒரு மலை காணாமற்போவதை அவர்கள் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டங்ஸ்டன் செய்தி வந்தவுடன் இத்தனை ஊர்கள் இத்தனை விரைவில் ஒன்றுகூடியது எப்படி என்று வியந்தவர்களுக்குக் கீழவளவுதான் விடை. எந்தத் துண்டறிக்கையும் செய்திருக்க முடியாத வேலையை இந்தப் பச்சை நீர்க்குழிகள் செய்து வைத்திருந்தன.

பிற்பகலில் கிடாரிப்பட்டி வழியே திரும்பினோம். அழகர்மலைச் சரிவில் உள்ள குகையிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. முனிவர்களுக்குக் கொடை அளித்தவர்களாக மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன், கொழு வணிகன் ஆகியோர் அவற்றில் பெயர் பதித்திருக்கிறார்கள். கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. உலோகத்தை இந்த மண் அறியாததன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உலோகத்தை விற்றுப் பொருளீட்டியவன் அதில் ஒரு பங்கை மலையின் மேல் ஒதுங்கி வாழ்ந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறான். தொழில் வளர்ச்சி என்றாலே கிராமத்தான் மறிப்பான் என்று நகரத்தில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களை இந்தக் குகையின் வாயிலில் ஒருநாள் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு மெய்யாகவே ஆசை உண்டாயிற்று.

மாலை நரசிங்கம்பட்டி. பெருமாள்மலை அடிவாரத்தில் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் உள்ளன. வட்டமாக நட்ட கற்கள் முட்செடிகளுக்கு இடையே தலைநீட்டுகின்றன. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடக்கத் தொடங்கியது இந்த ஊரிலிருந்துதான். அன்று மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டிருந்தன. நான்குவழிச் சாலை வழியே, தடுப்புகளைக் கடந்து, தல்லாகுளம் தலைமை அஞ்சல் நிலையம் வரை நடந்தார்கள். மாமாவின் அம்மாவுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. ஒத்தக்கடை வரை நடந்தே போனதாகவும், அதன் பிறகு ஒரு டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள் என்றும் அப்பத்தா கூறினார்.

"சோறு கட்டிக்கிட்டுப் போனீங்களா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? வழிநெடுக்கக் குடுத்தாகள்ல. ஒரு வீட்டுல மோரு, ஒரு வீட்டுல புளியோதரை. திங்க முடியாமத்தேன் திரும்பி வந்தோம்."

இந்தப் பகுதியில் ஊர்கள் நாடு என்ற பழைய அமைப்பில் இணைந்திருக்கின்றன. ஒவ்வோர் ஊரின் பொதுவிடமான மந்தையிலும் ஊர்த்தலைவர்களான அம்பலக்காரர்கள் கூடி முடிவெடுத்தால் அது சுற்று ஊர்களுக்குச் செல்லும். அந்த அமைப்பில் பேசும் உரிமை எல்லோருக்கும் ஒருபோல இருந்ததில்லை. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் மந்தையில் இடமில்லாத நெடுங்காலம் உண்டு என்பதை மறைத்து இந்தப் போராட்டத்தைப் பாராட்ட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் இந்த முறை பெண்கள் கூட்டத்தின் நடுவே நின்று ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியதை அப்பத்தாவின் பேத்தி பெருமையோடு சொன்னாள். பேசியவர்களில் அவளும் ஒருத்தி.

நடைப்பயணத்துக்காகப் போடப்பட்ட வழக்குகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் தில்லியில் சுரங்கத் துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள், ஜனவரி 23 அன்று, ஏலம் முழுவதுமாக இரத்துச் செய்யப்படுவதாக அறிவிப்பு வந்தது. எல்லையை மாற்றி வரைவதாகக் கூறிய அரசு, ஒரு மாதத்துக்குள் கோட்டையே அழித்துவிட்டது.

எனினும் மாமாவின் பையில் கடைசியாக வைக்கப்பட்ட தாள் ஒரு கோரிக்கை மனு. காவிரிப் படுகைக்கு 2020-இல் சட்டம் இயற்றியதுபோல மேலூர் வட்டாரத்தையும் பாதுகாக்கப்பட்ட மண்டலமாக, தமிழ்ப் பண்பாட்டு மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று ஊர்கள் கேட்கின்றன. தாது இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது; ஏலம் விடும் சட்டமும் அப்படியே இருக்கிறது. இரத்து என்பது ஓர் அறிவிப்பு மட்டுமே என்பதை ஊரார் நன்றாக அறிந்திருக்கிறார்கள். அதே வேளையில், பாதுகாப்பு என்ற பெயரில் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் தடை வந்துவிடுமோ என்ற தயக்கமும் சிலரிடம் உண்டு. பல்லுயிர்த் தலத்துக்கான வழிகாட்டு நெறிகள், உள்ளூர் மக்கள் தாமாக முன்வந்து ஏற்பவை தவிர, அவர்களின் வழக்கங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாகாது என்றே கூறுகின்றன. அந்த வரியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மந்தையிலும் பலகையாக வைத்தால் நல்லது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, மனுவின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லி என் கையில் கொடுத்தார். எழுதிக் கொடுத்தேன்.

நான்காம் நாள்: 9 மார்ச் 2025, ஞாயிறு

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள். ஆனால் விடிவதற்கு முன்பே அப்பத்தாவின் பேத்தி வந்து கதவைத் தட்டினாள். பக்கத்து ஊர்க் கண்மாயில் இன்று மீன்பிடித் திருவிழா. வாட்ஸ்அப்பில் நேற்று இரவே செய்தி சுற்றிவிட்டதாம்.

நெல் அறுவடை முடிந்து கண்மாயில் நீர் குறையும்போது, அதனை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுக்காமல், சுற்று ஊர்கள் எல்லாம் இறங்கிப் பிடித்துக்கொள்ள விட்டுவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சாதி, ஊர் என்ற வேறுபாடு அன்று தண்ணீருக்குள் பார்க்கப்படுவதில்லை. பிடித்த மீனை விற்பதும் கூடாது. அவரவர் வீட்டில் குழம்பு வைத்து, வராதவர்களுக்கும் கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு மழை பெய்து கண்மாய் நிறையும் என்ற நம்பிக்கையில் நடத்துவது இது என்று மாமா வழியில் கூறினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரை முழுவதும் ஆள்கள் நிறைந்திருந்தார்கள். ஊத்தா, கச்சா, வலை, கொசுவலைத் துணி என்று ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருந்தது. முந்தாநாள் ஆனைக்கொண்டான் கரையில் மண்ணில் கோடு போட்ட முதியவரும் ஆடுகளை விட்டுவிட்டுப் பேரனோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த ஊத்தாவைத் தூக்கிக் காட்டினார்.

ஊர்ப் பெரியவர்கள் கரைக்கோயிலில் சாமி கும்பிட்டு முடித்துக் கலுங்கின் மேல் ஏறினார்கள். ஒருவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து உயர்த்தினார். பேச்சு அடங்கிற்று. குன்றுகளின் மேல் அப்போதுதான் வெயில் விழுந்தது. துண்டை வீசியதும் கரையின் நான்கு பக்கமும் இருந்தவர்கள் ஒரே வேளையில் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். கண்மாய் நொடியில் சேறாகிக் கலங்கியது. கெளுத்தியும் விராலும் கட்லாவும் துள்ளின. பேத்தி முழங்காலளவு நீரில் நின்று, தப்பிப் போன ஒரு விராலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது. மாமாவுக்கு மூன்று ஜிலேபிக் கெண்டையும் ஒரு கெளுத்தியும் கிடைத்தன. முதியவரின் பேரன் தன் முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைப் பிடித்திருந்தான். அதைத் தாமரை இலையில் சுற்றி என்னிடம் நீட்டினான். நான் பேருந்தில் நெடுந்தொலைவு போக வேண்டும், கெட்டுப்போகும் என்று மறுத்தேன். முதியவர் விடவில்லை.

"அப்ப இருந்து தின்னுட்டுப் போ, தம்பி. மத்தியான வண்டி இருக்கு."

அப்பத்தா அதற்குள் அம்மியில் மிளகாய் அரைக்கத் தொடங்கியிருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் தெற்குத்தெரு நிறுத்தத்தில் வந்து நின்றேன்.